வரம்புக்குக் கீழே

மங்கையர்க்கரசி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் மார்பில் குத்தியிருந்த பேட்ஜ் சைபரைத் தவிர வேறு எதையும் காட்டியதில்லை. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையின் இதயப் பிரிவில் அவள் டெக்னீஷியன். மணிக்கட்டு வழியாக நுழைத்த மெல்லிய குழாய் இதயம் வரை போவதை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி டாக்டர் வேலை செய்வார். அந்த எக்ஸ்ரே எந்திரத்தை இயக்குவது அவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய பேட்ஜையும் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அங்கே பார்த்துப் பதில் எழுதுவார்கள். சைபர்.

சைபர் என்றால் ஒன்றுமே படவில்லை என்று அர்த்தமில்லை. அந்த பேட்ஜால் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குப் படவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கீழே என்ன நடந்தாலும் பேட்ஜுக்குத் தெரியாது. தெரியாததை யார் எழுதுவது? எல்லோரும் அந்தச் சைபரோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒட்டு வந்தது.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வில்லை. கழுத்துக்குக் கீழே ஒட்டிவிட்டால் குளித்தாலும் தேய்த்தாலும் போகாது. உடம்பில் படுகிற கதிர்களை ஒன்றுவிடாமல் எண்ணும். எப்போது பட்டது, எவ்வளவு வலுவான கதிர் என்பதையும் சேர்த்து அனுப்பும். இதற்கு மேல் சின்னது என்று எதையும் அது விட்டுவைக்காது. கதிர் உள்ள இடத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது தொழிற்சங்கத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். இனி எதையும் மறைக்க முடியாது என்றார்கள்.

அது உண்மையாகத்தான் போயிற்று. ராபின்சன் என்ற டெக்னீஷியன் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு டெல்லிக்கு விமானத்தில் போய்வந்தான். உயரே போகப் போக வானத்திலிருந்து வரும் கதிர் கூடுதலாகப் படும். அவன் ஏறியதையும் இறங்கியதையும் ஒட்டு சொல்லிவிட்டது. ஒரு நர்ஸின் எண் சில மாலைகளில் மட்டும் லேசாக ஏறியது. ஸ்கேன் பிரிவில் இருந்த ஒருவருடைய எண்ணும் அதே மாலைகளில் ஏறியது. கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் உண்டு. இருவரும் மலைக்கோட்டையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது வார்டு முழுக்கப் பரவியது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு எண்ணையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

மருத்துவமனையின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஜுலைகா. இயற்பியல் படித்தவர், நாற்பதைத் தாண்டியவர், வேகமாகப் பேசுவார். இதெல்லாம் பழைய பேட்ஜில் சைபர் என்று வந்திருக்கும், இந்த அளவில் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததாக எவரும் காட்டியதில்லை என்று கூட்டம் போட்டுச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் கைப்பேசியில் தங்கள் எண்ணைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவரின் எண்ணையும் எட்டிப் பார்த்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மங்கை உண்டானாள். இதற்கு முன் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதற்கப்புறம் நாள் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் அவள் யாரிடமும் சொல்லாமல் காத்திருப்பாள், ஏமாறுவாள். இந்தத் தடவை நின்றது. சொன்ன மறுநாளே ஜுலைகா அவளை எக்ஸ்ரே அறையிலிருந்து எடுத்துத் தரைத்தளத்தில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மேசையில் உட்காரவைத்தார். அங்கே கதிர் என்று எதுவும் கிடையாது.

ஆனால் எண் ஏறியது.

முதலில் கொஞ்சம். பிறகு நன்றாகவே. எக்ஸ்ரே அறையில் நின்றபோது இருந்ததைவிட மேசைக்கு வந்த பிறகு அதிகம். ஒட்டில் ஏதோ கோளாறு என்று புதிதாக வேறொன்று ஒட்டினார்கள். அதுவும் அதையேதான் சொன்னது.

நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். மருத்துவமனையில் கதிரியக்க மருந்து வைத்திருக்கும் பிரிவுக்கு அவள் போனாளா, அங்கிருந்து எதையாவது தெரியாமல் எடுத்து வந்துவிட்டாளா என்று மரியாதையான வார்த்தைகளில் கேட்டார். அவள் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். நாற்காலியைக் கருவியால் தடவிப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள். மாலையில் வராந்தாவில் எதிர்ப்பட்ட ஒரு மூத்த பெண் மருத்துவர், அக்கறையோடுதான், அவள் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"எதுக்கும் யோசிச்சுக்கோம்மா. இன்னும் நாள் இருக்கு. சந்தேகத்தோட சுமக்கறதுக்கு…"

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரணம் தெரியும்வரை லீவில் இருக்கும்படி மங்கையை அனுப்பிவிட்டார்கள்.

உறையூரில் கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை கொண்ட வாடகை வீடு. அவள் கணவன் தணிகாசலம் அங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மற்ற நேரமாக இருந்தால் அவள் நேராக அவனிடம் போய் அழுதிருப்பாள். ஆனால் கொஞ்ச நாளாக அவன் சரியில்லை. கோடையில் அவனுக்குக் கழுத்தில் ஒரு கட்டியை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். சாதாரணக் கட்டிதான் என்று அவனே மதுரைக்குப் போய் ரிசல்ட் வாங்கி வந்து சொன்னான். அதற்குப் பிறகு மீனை நிறுத்தினான், பாலை நிறுத்தினான். பாக்கெட் உப்பு வேண்டாம், கல்லுப்பு போட்டுச் சமை என்றான். கபடிப் போட்டிக்குப் பிள்ளைகளைச் சேலத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று போனவன் சில நாள் கழித்துத் திரும்பினான். ஜலதோஷம், இந்த நேரத்தில் உனக்குத் தொற்றக்கூடாது என்று சொல்லி மாடி அறைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சாப்பாட்டைப் படியில் வைக்கச் சொன்னான். தட்டைத் தனியாகக் கழுவிக்கொண்டான். ஒரு தும்மல்கூட அவள் காதில் விழவில்லை. தணிந்த குரலில் யாருடனோ போனில் பேசுவது மட்டும் கேட்டது.

கலைந்தபோது அவனும் அவளோடு சேர்ந்து அழுதவன். இப்போது குழந்தை நின்ற பிறகு ஏன் தள்ளிப்போகிறான்? ஒரு ஆணுக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடுவான் என்ற பயத்தில் கேட்கவில்லை. வேலையில் நடந்ததையும் சொல்லவில்லை. லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் படிக்குக் கீழே நின்று சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று மேலிருந்து பதில் வந்தது.

வீட்டில் இருந்த நாட்களில் எண் இன்னும் ஏறியது.

ஒரு காலையில் ஜுலைகா அவளை வரச் சொன்னார். அறைக் கதவைச் சாத்தினார். திரையில் ஒரு வரைபடம் இருந்தது.

"மங்கை, நான் இவ்வளவு நாள் மொத்தத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். கதிரோட வலுவைப் பார்க்கலை. நம்ம எந்திரத்துலேர்ந்து வர்றது எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். உங்க மேல படறது அதைவிட ரொம்ப வலுவானது. அது எக்ஸ்ரே இல்ல. ஒரு மருந்து."

"மருந்தா? நான் எந்த மருந்தும் சாப்பிடலை மேடம். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரைதான்."

"நீங்க சாப்பிட்டது இல்ல. உங்க உடம்புக்குள்ள இருந்தா ராத்திரி பகல் ஒரே மாதிரி காட்டும். இது நீங்க இங்க வந்தா இறங்கிடுது, வீட்டுக்குப் போனா ஏறுது. வீட்டுலயும் ஒரு இடத்துக்குப் பக்கத்துல போறப்ப நல்லா ஏறுது. வாரத்துக்கு வாரம் பாதிக்கு மேல குறைஞ்சுக்கிட்டும் வருது. லீவுல முழு நேரமும் வீட்டுலயே இருந்ததால மொத்தம் கூடின மாதிரி தெரிஞ்சிருக்கு."

ஜுலைகா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அயோடின். தைராய்டுக்குக் கொடுக்கறது. உங்க வீட்டுல யாருக்காவது…"

கேட்டுக்கொண்டே வந்தவர் மங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். மங்கைக்குக் கழுத்துக் கட்டி ஞாபகம் வந்தது. கல்லுப்பு ஞாபகம் வந்தது. அந்த மருந்து கொடுப்பதற்கு முன்னால் உணவில் அயோடின் சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று தரைத்தள மேசையில் உட்கார்ந்து அவளே எத்தனையோ நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறாள். எதற்காக அந்த மருந்தை இவ்வளவு அதிகமாகக் கொடுப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வேறு பெண் இல்லை என்ற நினைப்பு முதலில் வந்தது. அந்த ஒரு கணம் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அடுத்த கணமே, சாதாரணக் கட்டி என்று அவன் சொன்னது பொய் என்று புரிந்தது.

ஜுலைகா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். மன்னிச்சிடுங்க என்றார். ஒருவருடைய நோயை அவரைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொல்லிவிட்டேன், எனக்கு அந்த உரிமை கிடையாது, ஆனால் சொல்லாமல் உங்கள் பயத்தை எப்படிப் போக்குவது என்றும் தெரியவில்லை என்றார். குழந்தையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொன்னார். மொத்தத்தையும் கூட்டினாலும் கர்ப்பிணிகளுக்கு வைத்திருக்கும் வரம்பில் ஒரு மூலைக்குக்கூட வராது. மலைப்பாங்கான ஊரில் குடியிருந்து பிள்ளை பெறுகிற பெண்களுக்கு இதைவிட அதிகம் படுகிறது. பழைய பேட்ஜ் இருந்திருந்தால் இன்றைக்கும் சைபர் என்றுதான் வந்திருக்கும்.

"அப்ப குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. இதை நான் எழுத்துல தர்றேன். யார் கேட்டாலும் என்கிட்ட அனுப்புங்க."

மங்கை வீட்டுக்குப் போனபோது மதியம் தாண்டியிருந்தது. தணிகாசலம் மாடியில்தான் இருந்தான். வெறும் ஜலதோஷத்துக்காக அவன் இத்தனை நாள் பள்ளிக்குப் போகாமல் இருக்க மாட்டான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படியில் ஏறினாள். பாதிப் படியில் அவன் குரல் தடுத்தது.

"மேல வராத மங்கை. ஜலதோஷம் இன்னும்…"

"அயோடின் எப்பக் கொடுத்தாங்க?"

மங்கை அங்கேயே படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் மேல்படியில் வந்து உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் ஏழெட்டுப் படி இருந்தது. அந்தத் தூரத்திலிருந்தே அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

கட்டி சாதாரணக் கட்டி இல்லை. புற்று. மதுரையில் ரிசல்ட் வாங்கிய அன்று பேருந்து நிலையத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறான். அன்றைக்குத்தான் அவள் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து அவனால் சொல்ல முடியவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். கபடிப் போட்டி பொய். மருந்து கொடுத்துத் தனி அறையில் வைத்திருந்தார்கள்.

"ஒரு தடவை கலைஞ்சப்ப நீ எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியும். மறுபடி ஒரு அதிர்ச்சி கொடுத்து, அதனால ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி வாழறது?"

"நீங்க இல்லாமப் போனா நான் எப்படி வாழறது?"

"இல்லாமல்லாம் போக மாட்டேன்," என்றான். "மருந்து கொடுத்தப்புறம் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தாங்க. வேற எங்கயும் பரவலை. குணமாயிடும்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான்."

அவள் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கிட்டே வந்து தொட முடியாமல் அவன் மேல்படியில் தவித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றான். தோசை வார்த்துக்கொண்டு வந்து படியில் வைத்துவிட்டு, இந்தத் தடவை அவள் கீழே போகவில்லை. அவன் சாப்பிடுவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேலையில் தனக்கு நடந்ததையும் அப்போதுதான் சொன்னாள்.

மங்கை வேலைக்குத் திரும்பினாள். நிர்வாக அதிகாரி வருத்தம் தெரிவித்தார். பக்கத்து மேசைப் பெண் பழையபடி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். ஆனால் ஜுலைகா அதோடு விடவில்லை. இந்த ஒட்டு கதிரை அளக்கவில்லை, மனிதர்களை அளக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினார். யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் மருத்துவமனைக்கு எதற்கு? கெடுதல் தொடங்குவதாகத் தெரிகிற அளவுக்கு வெகு கீழே ஒரு கோடு போடுங்கள், அதற்குக் கீழே இருப்பதை எந்திரமே அழித்துவிட்டுச் சைபர் என்று எழுதட்டும் என்று கேட்டார். வேறு ஊர்களிலிருந்தும் இப்படிக் கடிதங்கள் போயிருந்தன போலிருக்கிறது. சென்னையிலிருந்து மூன்று பேர் குழு வந்தது. சங்கத்துக்காரர்கள் எதிர்த்தார்கள். தெரிந்துகொள்வது எங்கள் உரிமை, கோடு போட்டால் நாளைக்கு முதலாளிகள் அந்தக் கோட்டை மெல்ல மெல்ல மேலே தூக்குவார்கள் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

மங்கையையும் கூப்பிட்டிருந்தார்கள். தணிகாசலம் சம்மதித்த பிறகுதான் அவள் போனாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. குழுத் தலைவர் உட்காரச் சொன்னார்.

"உங்க அதிகாரி கேட்கிற மாதிரி கோடு இருந்திருந்தா, உங்க கணவருக்கு இருந்த நோய் உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. தெரியாம இருந்திருந்தா நல்லதுன்னு நினைக்கிறீங்களா?"



"தெரிஞ்சது நல்லதுதான் சார். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதை எனக்கு யார் சொல்லியிருக்கணும்? அவர் சொல்லியிருக்கணும். அவர் வாயால கேட்டிருந்தா அன்னிக்கே அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு மதுரைக்குப் போயிருப்பேன். ஒரு அதிகாரி ரூம்ல உட்கார்ந்து வரைபடத்துல பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயமா அது? அவர் சொல்றதுக்கு முன்னாடி, சொல்லணும்னு அவர் மனசு பண்றதுக்கு முன்னாடி, வேற ஒருத்தருக்குத் தெரிஞ்சு போச்சு."

தலைவர் எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் தணிகாசலம் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். மருந்தின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. அவன் கீழ் அறைக்கே திரும்பியிருந்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று விசாரித்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் வண்டியைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து விட்டப்ப, கொஞ்ச நாள் சொந்தக்காரங்க வீட்டுல இருந்துட்டுப் போங்கன்னுதான் டாக்டர் சொன்னார். மாடியில தனியா இருந்தாலும் போதும், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நாலு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு இங்கதான் வந்தேன்."

"ஏன்?"

"உன் ஒட்டு எதையும் விடாதுன்னு நீதான் சொல்லுவ. டெல்லி போனவன் கதை எல்லாம் சொன்னியே." அவன் அவளைப் பார்க்கவில்லை. "எனக்குச் சொல்ல வாய் வரலை மங்கை. நான் பக்கத்துல இருந்தா அதுவே சொல்லிடும்னு நினைச்சேன். உன்னை வேலையை விட்டு நிறுத்துவாங்க, யாரோ வந்து குழந்தையைப் பத்தி அப்படிப் பேசுவாங்கன்னு எல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

மங்கைக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாடியில் தனியாக உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கும் மனைவிக்குத் தன் உடம்பே செய்தி சொல்லட்டும் என்று காத்திருந்த ஒரு மனிதனை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

"இனிமே அது சொல்லாது," என்றாள். "கோடு போடத்தான் போறாங்க. அந்தத் தலைவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. உங்க வாயாலதான் சொல்லணும்."

கோடு போட்டார்கள். யார் கேட்டாலும் கோட்டை மேலே தூக்க முடியாதபடி சங்கத்துக்காரர்களையும் அந்தக் குழுவில் நிரந்தரமாக உட்காரவைத்தார்கள். உத்தரவு வந்த அன்று மருத்துவமனையில் எல்லோருடைய எண்ணும் ஒரே நேரத்தில் சைபருக்குப் போயிற்று. ராபின்சன் அடுத்த வாரமே லீவு போட்டான்.

மங்கைக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது தணிகாசலத்துக்கு மதுரையில் மறுபரிசோதனை வந்தது. அவளும் வருவதாகச் சொன்னாள். இந்த வயிற்றோடு பேருந்தில் வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். காலையில் கிளம்பிப் போனவனிடமிருந்து போன் இல்லை. அவளாக அழைத்தாலும் லைன் கிடைக்கவில்லை. பகல் முழுக்க அவள் வீட்டுக்குள் ஒரு வேலையும் ஓடாமல் இங்கும் அங்கும் நடந்தாள். மாலை வெயில் இறங்கும்போது வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் தெருமுனையில் திரும்பியதுமே பேச ஆரம்பித்துவிட்டான். எதிர்வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

போனில் சார்ஜ் இல்லை என்பதை முதலில் சொன்னான். அப்புறம் காலையிலிருந்து தொடங்கினான். பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைக்கவில்லை. விராலிமலைக்கிட்ட ஒரு டயர் மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த பெண் புதியவள், இரண்டு தடவை குத்தினாள். டாக்டர் வர நேரமாயிற்று, அதனால் கேன்டீனில் ஒரு பொங்கல் சாப்பிட்டான், மிளகே இல்லை. அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் கூப்பிட்டார்.

செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றான்.

"ஒண்ணும் இல்லையாம் மங்கை. சுத்தமா ஒண்ணும் இல்ல. இனி வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தா போதுமாம்."

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"சரி, திரும்பி வர்றப்ப?" என்றாள். "பஸ்ஸுல சீட்டு கிடைச்சுதா?"